பக்கத்தில் இருப்பவர்

ஜூன் 14, வெள்ளி

மாசிலாமணி ஒருமுறை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் நெய்வேலியில் மாலை நேர ரஷ்ய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். அவர் மின்நிலையத்தில் டெக்னீஷியன். என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் கையைத் தூக்கித்தான் பேசுவார்.

"டீச்சர், எங்க ரஷ்யா எஞ்ஜினியர் தெனமும் வர்றார். வால்வைப் பாக்குறார். 'ஸக்ரித் நாத'ங்கிறார். ஸக்ரித்னா மூட, நாதன்னா வேணும்னு தெரியுது. மூடணும். சரி. சொல்லிட்டு அவர் பாட்டுக்குப் போயிடுறார். நாங்க நாலு பேர் நிக்கிறோம். யாருங்க மூடுறது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான்" என்றேன்.

"அப்ப எப்பவும் நான்தான் டீச்சர். வால்வு பக்கத்துல நிக்கிறவன் நான்தான்."

இன்று காலை அதே மாசிலாமணி வடலூரிலிருந்து போன் செய்தார். பழைய மாணவர்கள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை ஒரு ரஷ்யச் சொல்லைப் பற்றி நான் எழுதி அனுப்புவது வழக்கம். "இந்த தடவ 'நாத' பத்தி எழுதுங்க டீச்சர். அது எங்கேர்ந்து வந்துச்சு, என்னா அர்த்தம்னு. அன்னிக்கு வெளையாட்டா ஒரு பதில் சொல்லிட்டீங்க. நெஜமான பதில் இன்னும் வரல" என்றார். சரி என்றேன். இந்த டைரியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் பார்க்கிறேன்.

மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டதால் கண் டாக்டரிடம் போனேன். சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரிவரை படித்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் கடைசி வரி! அந்த அம்மாள் பாராட்டுவார் என்று பார்த்தால், கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னேன். "கண்ண நல்லா காட்டிடணும்க்கா" என்றான் தம்பி அம்பலவாணன், பேப்பருக்குப் பின்னாலிருந்து. "ஆமாங்க்கா, கண்ணு விஷயத்துல அசட்டையா இருக்கக் கூடாது" என்றாள் அவன் மனைவி மங்கை, ஆபீசுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே. டப்பாவை மூடிவிட்டு, "தமயந்தி வளைகாப்புக்கு அதிரச மாவு இடிச்சு வைக்கணும்" என்றாள்.

அரிசியை ஊறப் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

அதிரசப் பாகு இரண்டு முறை முறிந்துவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வளைகாப்பு முடிந்தது. தமயந்தி தம்பியின் ஒரே மகள். ஓசூரில் கணவரோடு இருந்தவள் இனிமேல் பிரசவம் முடியும்வரை இங்கேதான். இரண்டு கை நிறைய வளையல். நடந்தால் வீடே சலசலக்கிறது.

கலவை சாதம் பரிமாறும்போது கூடத்து டீப்பாயில் இடித்துக்கொண்டு, எலுமிச்சை சாதத்தோடு விழப் பார்த்தேன். யார் அதை நகர்த்தி வைத்தார்கள் என்று தெரியவில்லை. தம்பி, "அது பத்து வருஷமா அங்கதான் இருக்கு" என்கிறான். அவன் எதையும் கவனிக்கிறவன் இல்லை.

இரவு தமயந்தி என் மடியில் காலைப் போட்டுக்கொண்டாள். நீர் இறங்கி வீங்கியிருக்கிறது. "அத்த, என்னைய நீங்கதான குளிப்பாட்டுனீங்க, பொறந்தப்ப?"

"வேற யாரு? ஒங்கம்மாவுக்கு ஒன்னயத் தொடவே பயம்."

"பாப்பாவையும் நீங்கதான் குளிப்பாட்டணும். யூடியூப்ல பாத்தேன், பயமா இருக்கு. வழுக்கிடும்போல."

சரி என்றேன். காலில் சூடாக விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஒருவழியாகப் புதுச்சேரி போய்வந்தேன். ஒரு மணி நேர பஸ்தான். ஆனாலும் கிளம்ப இத்தனை நாளாகிவிட்டது; வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே.

சோதனை வேடிக்கையாக இருந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். ஒரு கண்ணை மூடிவிடுகிறார்கள். நடுவில் மஞ்சள் புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். ஷாகிதா என்று ஒரு பெண் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு அதன் போக்கு பிடிபட்டுவிட்டது. விட்டு விட்டு ஒரே சீராக வருகிறது. நானும் அதே சீரில் அமுக்கிக்கொண்டு வந்தேன்.

"யம்மா, வெளிச்சமே வுடல. அப்பயும் அமுக்குறீங்க."

"ஒரு தாளம் இருக்கேம்மா அதுக்கு."

"தாளம் பாத்தெல்லாம் அமுக்கக் கூடாதும்மா! தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலன்னா சும்மா இருங்க. நீங்க டீச்சரா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"டீச்சருங்கதான் இந்த வேல பண்ணுவாங்க. பெயிலாயிடுவோம்னு பயம்."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஒழுங்காக இருந்தேன். இரண்டு மூன்று வெளிச்சம் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

"மிஷின் நின்னுடுச்சாம்மா?" என்றேன்.

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு" என்றாள்.

டாக்டர் சின்னப் பையன்போல இருந்தார். ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் மட்டும் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு. "இந்தக் கறுப்பெல்லாம் நீங்க பாக்காத எடம்மா. நடுவுல நல்லா தெரியும், படிப்பீங்க, எழுதுவீங்க. அதனால ஒங்களுக்கே தெரியாது. ஓரத்துலேர்ந்து போயிட்டே வரும். போனது திரும்பாது. இருக்கிறத நிறுத்தி வைக்க ஒரு ஆபரேஷன். சீக்கிரமே பண்ணிடணும்" என்றார்.

பண்ணினால் எத்தனை நாளில் வேலை செய்யலாம் என்று கேட்டேன். கொஞ்ச காலம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாதாம்.

"கொழந்த பொறந்து மூணு மாசம் ஆகட்டுமே டாக்டர்."

"யார் கொழந்த?"

"தம்பி மகளுக்கு."

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க" என்றேன்.

ஆகஸ்டில் ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். இளம் டாக்டர்கள் கொஞ்சம் பயமுறுத்துவார்கள். அது அவர்கள் கடமை.

வீட்டுக்கு வந்ததும், "என்னாச்சுக்கா?" என்றான் தம்பி.

"கண்ணாடி மாத்தணுமாம்."

"மாத்திடணும்" என்றான்.

ஜூலை 10, புதன்

மாசிலாமணிக்காக எழுதிப் பார்த்தது:

ரஷ்யர்கள் 'ம்ந்யே நாத' என்றால், 'எனக்கு வேண்டும்'. 'நான்' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். 'எனக்கு' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம்மைப் போலவேதான். அதனால்தான் ஆங்கிலம் வராத நெய்வேலிக்காரர்கள்கூட இந்தச் சொல்லைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த 'எனக்கு' இல்லாமலும் வாக்கியம் நிற்கும். வால்வை மூட வேண்டும். பால் வாங்க வேண்டும். மாவு இடிக்க வேண்டும். துணி மடிக்க வேண்டும். சீரகத் தண்ணீர் போட வேண்டும். தமயந்தியை செக்கப்புக்கு அழைத்துப்போக வேண்டும்.

எழுதிய எந்த உதாரணத்திலும் 'எனக்கு' வரவில்லை. ஒன்றாவது சேர்க்க வேண்டும். இப்போது எதுவும் தோன்றவில்லை.

ஜூலை 27, சனி

சாம்பாரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிவிட்டேன். மங்கை கிண்ணத்தை எப்போதும் மேடையின் ஓரத்திலேயே வைக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை.

போன தடவை எழுதிய வரிமேலேயே இன்று எழுதியிருக்கிறேன். பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெண் குழந்தை. விடிகாலையில் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. வலி எடுத்ததிலிருந்து தமயந்தி என் கையை விடவேயில்லை. வளையல் அழுந்திய தடம் இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

குழந்தைக்கு எங்கள் அம்மாவின் நெற்றி. கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தது என்று நான் சொல்ல, அம்பலவாணன், "பொறந்த புள்ளைக்கு எதுவும் தெரியாதுக்கா, எல்லாம் மங்கலாத்தான் இருக்கும்" என்றான். இருக்கட்டும். பார்த்த திசை என்னுடைய திசை.

ஆகஸ்ட் 14, புதன்

புதுச்சேரியிலிருந்து போன். ஆபரேஷன் தேதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்தியச் சமையல், குழந்தைத் துணி, வருகிறவர்களுக்குக் காபி. மங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. மாசிலாமணி, "நாத என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். 'நாதவிலேதான் இருக்கிறேன்' என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை அனுப்பினார்.

சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம்தான் இந்த நாட்களில் எனக்கென்று இருக்கும் நேரம். அதை எழுதி வைக்கிறேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அருகே மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நேரே நீட்டிக்கொள்வேன். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொள்வேன். குழந்தையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குப்புறப் போட்டால், நம் இரண்டு காலும் அதற்கு ஒரு தொட்டில். வலப்பக்கம் விளாவி வைத்த வெந்நீர். முதல் குவளையை எப்போதும் என் காலில்தான் ஊற்றிக்கொள்வேன். கை சூட்டை மறைத்துவிடும்; கால் பொய் சொல்லாது. அது பொறுத்தால் குழந்தை பொறுக்கும். பிறகு முதுகு, பிட்டம், திருப்பிப் போட்டு வயிறு, கடைசியில் தலை. மூக்கை நீவிவிட வேண்டும். கையையும் காலையும் குறுக்காக மடக்கி மூன்று முறை நீட்டிவிட வேண்டும். அப்போது ஒரு முனகல் வரும் பாருங்கள், பெரிய மனுஷிபோல.

தமயந்தி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "அத்த, நீங்க இல்லன்னா நாங்க என்னா பண்ணுவோம்?" என்றாள் இன்று.

இதைத்தான் கேட்க விரும்பினேன் என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். கேட்டது நன்றாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலில் தண்ணீர் கொஞ்சம் சூடாகப் பட்டுவிட்டது. களிம்பு போட்டிருக்கிறது. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பதே நல்லது. ஒரு விபத்து நடந்தால் மாணவர்களிடமும் அப்படித்தான் சொல்வேன்: முதலில் நடந்ததை எழுது, அப்புறம் காரணம்.

மங்கைக்கு ஆபீசில் ஏதோ கூட்டம், சீக்கிரம் போக வேண்டும். விளாவுவதற்கு நேரமில்லாமல், கொதிக்கக் கொதிக்க இறக்கிய குண்டானை என் வலப்பக்கம் வைத்திருக்கிறாள். விளாவிய தவலை அதற்கு அந்தண்டை. "சுடுதண்ணி பக்கத்துலயே இருக்கு, பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என் காதில் விழுந்தது. தவலையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். குண்டான் ஒன்று அங்கே இருப்பது எனக்குத் தெரியவில்லை.

குழந்தை காலில் கிடந்தது. குவளையை வலப்பக்கம் விட்டு மொண்டேன். வழக்கம்போல முதல் குவளையை என் காலில், குழந்தையின் தலைக்கு அந்தப் பக்கம், ஊற்றிக்கொண்டேன்.

கால் தானாக உதறியது. குழந்தை வழுக்கியது. கையை நீட்டினேன். எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில்தான் இருந்தது, அழுகை கேட்டது, ஆனால் தெரியவில்லை. தரையைத் தடவினேன்.

தமயந்தி படியிலிருந்து பாய்ந்து வந்து எடுத்துவிட்டாள். தரையில் முழுதும் விழவில்லை. என் புடவை மடிப்பில் சரிந்து கிடந்ததாம். குதிகாலில் ஒரு துளி தெறித்துச் சிவந்திருந்தது. டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்.

இவ்வளவுதான் நடந்தது.

பிறகு கூடத்தில் தமயந்தி, குழந்தையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி, என் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"அத்த, நேரா தெருக்கதவப் பாருங்க. திரும்பாதீங்க. நான் எத்தன வெரல் காட்டுறேன்?"

நான் சும்மா இருந்தேன். தெரியவில்லையென்றால் சும்மா இருக்கச் சொல்லியிருந்தாள் ஷாகிதா.

"அத்த. நான் எங்க நிக்கிறேன்னாவது தெரியுதா?"

"வெயில் கண்ணுல அடிக்குதுடி" என்றேன்.

அப்போது மேகமூட்டமாக இருந்தது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

குழந்தை அழுதது. எடுக்கப் போனேன். "வேண்டாம் அத்த" என்றாள் தமயந்தி. கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாசிலாமணிக்கு இன்னொரு குறிப்பு:

'வேண்டாம்' என்பதற்கு ரஷ்யத்தில் தனிச்சொல் இல்லை. 'நாத' முன்னால் ஒரு 'நே' போட்டுக்கொள்வார்கள்: 'நே நாத'. கடையில் பை வேண்டாம் என்பதற்கும் அதுதான். அழுகிறவரிடம், வேண்டாம், அழாதே என்பதற்கும் அதுதான். ஒருவர் உதவ வரும்போது விலக்குவதற்கும் அதுதான். சொல்கிற குரலை வைத்துத்தான் எது என்று தெரியும். மிக மெதுவாகச் சொன்னால் மிகக் கடினமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். மொழிப் பாடத்தில் அதற்கு இடமில்லை.

செப்டம்பர் 25, புதன்

மங்கை லீவு போட்டுவிட்டாள். இப்போது கிடைத்துவிட்டது. தமயந்தியும் அவளும் போனில் வீடியோ பார்த்து, முற்றத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து காதால் பார்க்கிறேன். முதல் நாள் ஒரே கூச்சல். "அம்மா, தல, தலையப் பிடி!" "பிடிச்சிருக்கேன்டி, கத்தாத!"

இன்று கூச்சல் இல்லை. குழந்தை அழவும் இல்லை. கை காலை நீட்டிவிடும்போது அந்த முனகல் கேட்டது.

ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

தம்பி புதுச்சேரிக்குக் கார் வைத்து அழைத்துப்போனான். அதே டாக்டர். அதே கிண்ணம். ஷாகிதா என்னை ஞாபகம் வைத்திருந்தாள். "தாளம் போடாதீங்க டீச்சரம்மா" என்றாள். போடவில்லை. போடுவதற்குத் தாளமே இல்லை.

டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜூலையில் இருந்த வெளுப்பு ஒரு நெல்லிக்காய் அளவு. இன்றைய வெளுப்பு ஒரு மிளகு. வலது கண்ணில் அதுவும் இல்லை.

"ஆகஸ்ட்ல வந்திருந்தா?" என்று கேட்டான் தம்பி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இருந்த அளவையாவது நிறுத்தியிருக்கலாம். இப்பவும் பண்ணுவோம். இடது கண்ணுல இந்தக் கொஞ்சம் நிக்குதான்னு பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது, கார் ரெட்டிச்சாவடி தாண்டியதும் அம்பலவாணன் வெடித்தான்.

"ஏன்க்கா சொல்லல? ஆபரேஷன் தேதி வரைக்கும் குடுத்திருக்காங்க. கண்ணாடி மாத்தணும்னு சொல்ற. நாங்க என்ன மனுஷங்களா இல்லையா?"

"சொன்னீங்களே எல்லாரும். காட்டணும்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னோமே!"

"சொன்னீங்க" என்றேன்.

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான், அழுகிறது தெரியக் கூடாது என்று ஜலதோஷம்போல உறிஞ்சுவான். நல்ல பையன். வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் எனக்குப் பிடிபடாத இடம். யாரையாவது திட்டினால் கொஞ்சம் இறங்கும். திட்ட ஆள் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இடது கண்ணில் ஒரு வைக்கோல் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வட்டம். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு சொல் கொள்கிறது. வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து எழுதுகிறேன். மூன்று வாக்கியம் எழுத ஒரு காபி ஆறிவிடுகிறது.

மாசிலாமணி கேட்ட பிறப்பைச் சொல்ல வேண்டும். பழைய அகராதியை இனிப் புரட்ட முடியாது. ஆனால் இதை ரஷ்யாவில் வரோனிஷ் நகரத்தில் மாணவியாக இருந்தபோதே படித்துவிட்டேன், மறக்கவில்லை.

'நாத' முன்பு நீளமாக இருந்தது: 'நாதபெ'. அதைப் பிரித்தால் 'ந', 'தோபா'. 'தோபா' என்றால் காலம், உரிய வேளை. உக்ரேனியர்கள் இன்றும் ஒரு பகலும் இரவும் சேர்ந்ததை 'தோபா' என்கிறார்கள். செக் மொழியில் காலம் என்பதற்கே அதுதான் சொல். நல்லது என்று பொருள்படும் 'தோப்ரி', வசதியானது என்று பொருள்படும் 'உதோப்னி', எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆக, ரஷ்யர் ஒருவர் 'நாத' என்னும்போது, அவருக்கே தெரியாமல், 'வேளை வந்துவிட்டது' என்கிறார்.

நம்முடைய 'வேண்டும்' விருப்பத்திலிருந்து வந்தது. வேண்டுவது, கேட்பது, கோயிலில் வேண்டிக்கொள்வது. விருப்பத்துக்குக் காத்திருக்கத் தெரியும். நாளை, அடுத்த மாதம், குழந்தை பிறக்கட்டும், மூன்று மாதம் போகட்டும். வேளைக்குக் காத்திருக்கத் தெரியாது. முப்பது வருடம் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அதை இரண்டாகப் பிரித்து, பின்பாதிக்குக் கீழே கோடு போடுவேன்.

நடு வாக்கியங்களைச் சுருக்கி அனுப்பலாம்.

அக்டோபர் 23, புதன்

தமயந்தி குழந்தையை என் மடியில் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் கையை என் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒரு புருவம். ஒரு நாசித் துவாரம். மேலுதட்டில் பால். சிரித்தது என்றார்கள். நான் அப்போது அதன் காதில் இருந்தேன்.

அடுத்த மாதம் ஓசூர் போகிறார்கள்.

அக்டோபர் 26, சனி

மழை. காலையில் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். தமயந்தி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மங்கை துண்டு, பவுடர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பாப்பாவுக்கு சுடுதண்ணி வைக்கணும்" என்றாள்.

என் இரண்டு கையும் நாற்காலிக் கையை ஊன்றிவிட்டன. உடம்பு பாதி எழுந்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மழைச் சத்தம். எண்ணெய்க் கை குழந்தையின் வயிற்றில் தட்டுகிற சத்தம். பிறகு பேப்பர் மடிகிற சத்தம். செருப்பில்லாத கால் சமையலறைக்குப் போயிற்று. அடுப்பு பற்றியது.

"அக்கா, எந்தப் பாத்திரம்?" என்று கேட்டான் அம்பலவாணன்.

"பெரிய அலுமினியக் குண்டான். மேடைக்கு அடியில."

"எவ்வளவு ரொப்புறது?"

"முக்கால்."

"சரி."

அவ்வளவுதான். தண்ணீர் கொதித்தது. இறக்கிக் கொண்டுபோய் முற்றத்தில் வைத்துவிட்டு, விளாவியும் கொடுத்துவிட்டு, வந்து பேப்பரைப் பிரித்தான். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக வைத்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. யாரும் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இப்படியேதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பைத்தான் காலையிலிருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வைக்க வேறு இடம் தெரியவில்லை.

மாசிலாமணிக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன். தமயந்தி டைப் செய்து தருகிறேன் என்றிருக்கிறாள்.

அன்புள்ள மாசிலாமணி, வால்வை யார் மூடுவது என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருப்பவர் என்று சொன்னேன். அது தப்பில்லை, பாதி. பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவதால்தான் மற்ற மூன்று பேரும் தூரத்தில் இருக்கிறார்கள். மீதிப் பாதியைப் பாடமாக எழுத எனக்கு வரவில்லை. நீங்களே செய்து பாருங்கள், குழுவில் உள்ள மற்றவர்களும்: அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர், யார் பெயரும் சொல்லாமல், இன்னது செய்யணும் என்றால், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், யார் எழுந்திருக்கிறார் என்று பாருங்கள்.